வருமுன் காக்கும் கல்வி

(மன்றத்தின் ஆண்டு விழாவையொட்டிப் பதுளையில் ஆற்றிய சொற்பொழிவு)



இளைஞரின் தொழில் முன்னேற்றம் என்னும் பொருள்பற்றிச் சில வார்த்தைகள் கூறுமாறு மன்றச் செயலாளர் என்னைப் பணித்தார். நன்றாகப் படியுங்கள், ஆசிரியராகுங்கள், எழுதுவினைஞராகுங்கள், கணினி பயிலுங்கள் என்று பலர் இம்மேடையிற் கூறிச் சென்றிருக்கிறார்கள். அவை யாவும் நல்ல வார்த்தைகளே. ஆயினும் நமது மாவட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு கல்வியைப்பற்றி இன்று பேச விரும்புகிறேன். வேலை செய்யும் இடத்தில் மனிதனுடைய உடலுக்கும் உயிருக்கும் ஊறு நேராமற் காப்பது எப்படி என்று கற்பிக்கும் கல்வி அது. தொழிற் பாதுகாப்பும் சுகாதாரமும் என்பது அதன் பெயர்.

வலைஞர் வரவிருந்த குளத்தில் வாழ்ந்த மூன்று மீன்களின் கதையை நாம் எல்லோரும் சிறுவயதிற் கேட்டிருக்கிறோம். வருமுன் காப்போன், வரும்போது காப்போன், வந்தபின் காப்போன் என்பன அவற்றின் பெயர்கள். கை நசுங்கியபின் கட்டுப் போடுவது வைத்தியம். அது மிகப் பெரிய தொண்டு. ஆயினும் அது வந்தபின் காப்பது. கை நசுங்காதபடி இயந்திரத்துக்கு வேலி போடுவது வருமுன் காப்பது. அந்த முதல் மீனின் அறிவையே பாடமாக்கி, பரீட்சையாக்கி, உத்தியோகமாகவும் ஆக்கியிருக்கிறது இன்றைய உலகம்.

இக்கல்வி நேற்று முளைத்ததன்று. இத்தாலி தேசத்து வைத்தியரான பேர்னார்டினோ ரமசினி என்பவர் 1700ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்களைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் வைத்தியர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னுமொரு கேள்வியையும் கேட்கவேண்டும் என்றார் அவர். 'நீ என்ன தொழில் செய்கிறாய்?' என்பதே அக்கேள்வி. செய்யும் தொழிலே நோய்க்குக் காரணமாயிருக்கலாம் என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டியவர்களுள் அவர் முதன்மையானவர். இன்று, தொழில் காரணமான விபத்துகளாலும் நோய்களாலும் ஆண்டுதோறும் ஏறக்குறைய 30 இலட்சம் பேர் மாண்டுபோகிறார்கள் என்று சர்வதேசத் தொழில் அமைப்பு 2023ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. அவர்களுள் விபத்தில் இறப்போர் ஏறக்குறைய 3 இலட்சத்து 30 ஆயிரம் பேர் மாத்திரமே. ஏனையோரை நோய் மெல்ல மெல்லக் கொல்கிறது. விபத்து எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. தூசும் நஞ்சும் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாததைக் காணப் பழகுவதற்கே படிப்பு வேண்டும்.

இனி நமது மலைக்கு வருவோம். தேயிலைத் தொழிற்சாலையை நாம் ஸ்டோர் என்கிறோம். கொழுந்து வாடி, ரோதையில் அரைபட்டு, அடுப்பில் உலர்ந்து, சல்லடைக்கு வரும்போது எழும்பும் தூசை அங்கே வேலை செய்தோர் அறிவர். 'ஸ்டோர் இருமல்' என்று சொல்லிவிட்டு நாம் பேசாமல் இருந்துவிடுவோம். ஆனால் நம் நாட்டு நெஞ்சுநோய் நிபுணரான டாக்டர் சி. ஜி. ஊரகொட அதை ஆராய்ந்து, தேயிலைத் தயாரிப்பில் ஈடுபட்டோருக்கு அத்தூசினால் ஏற்படும் ஆஸ்துமாவைப்பற்றி 1970ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். அன்று முதல் அது வெறும் இருமலன்று. பெயருள்ள ஒரு தொழில் நோய். நோய்க்குப் பெயர் இருந்தாலன்றோ, அதற்குப் பரிகாரமும் நட்டஈடும் கேட்க முடியும்?

பரிகாரம் என்றதும் நாம் முதலில் நினைப்பது மூக்கைத் துணியால் மூடுவதை. இக்கல்வி கற்பிக்கும் முதற் பாடமோ அதற்கு மாறானது. ஆபத்தைத் தடுக்க ஐந்து படிகள் உண்டு என்பார்கள். முதலாவது, ஆபத்தை அடியோடு அகற்றுதல். இரண்டாவது, ஆபத்துக் குறைந்த வேறொன்றை அதனிடத்தில் வைத்தல். மூன்றாவது, ஆபத்துக்கும் மனிதனுக்கும் இடையே தடை அமைத்தல். நான்காவது, வேலை செய்யும் முறையையும் நேரத்தையும் ஒழுங்கு செய்தல். ஐந்தாவதும் கடைசியுமானது, கையுறை, முகமூடி, சப்பாத்து முதலியவற்றை அணிதல். ஸ்டோர் தூசுக்கு முதற் பரிகாரம், அது எழும் இடத்திலேயே அதை உறிஞ்சி வெளியேற்றும் விசிறியும் குழாயும். துணி கடைசிப் பரிகாரம். நாமோ பெரும்பாலும் கடைசிப் படியிலிருந்தே தொடங்குகிறோம். அணியாதவன்மீது குற்றத்தையும் சுமத்திவிடுகிறோம்.

இந்த ஐந்து படிகளின் உண்மையை நமது தோட்டங்களின் சரித்திரமே காட்டும். முதலாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களிற் கொக்கிப்புழு நோயை ஒழிக்க முன்வந்தார்கள். வெறுங்காலுடன் மலையேறிய நம் முன்னோரின் பாதத்தின் வழியே உடலிற் புகுந்து இரத்தத்தை உறிஞ்சிய புழு அது. மருந்து கொடுத்தார்கள், புழு வெளியேறியது. ஆனால் மலசலகூடம் இல்லாத லயங்களில் அதே மண்ணிலிருந்து அதே புழு மீண்டும் அதே காலில் ஏறியது. மருந்தினால் மட்டும் ஆகாது, காரணத்தையே நீக்கவேண்டும் என்பது அன்றே தெளிவாயிற்று. இன்னொன்றையும் பாருங்கள். புல்லுக்கு அடித்த பரகுவாட் என்னும் கொடிய மருந்தை, கிரமொக்சோன் என்ற பெயரால் நீங்கள் அறிவீர்கள். எத்தனையோ காலம் 'கையுறை போடு, முகத்தை மூடு' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். 2008ஆம் ஆண்டு தொடக்கம் 2011ஆம் ஆண்டுக்குள் அரசாங்கம் அதைப் படிப்படியாகத் தடைசெய்தது. அது முதலாவது படி. ஆயிரம் கையுறைகள் செய்யாததை அந்தத் தடை ஒன்று செய்தது.

குளவிக் கொட்டை எடுத்துக்கொள்வோம். கொழுந்துக்குப் போன பெண்கள் குளவி கொட்டி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்கள் என்ற செய்தி பத்திரிகைகளில் எத்தனை முறை வருகிறது! அதை விதி என்று சொல்லி ஆறுதலடைகிறோம். இக்கல்வி பயின்றவன் அப்படிச் சொல்லமாட்டான். நாளைக்குக் கொழுந்தெடுக்கும் மலையை இன்றைக்கே சுற்றிப் பார்த்தது யார்? எந்த மரத்தில், எந்தப் பாறையிடுக்கில் கூடு இருக்கிறது என்று குறித்து வைத்தது யார்? கூடு இருக்கும் நிரையை விலக்கிப் பேர் போடச் சொன்னது யார்? கூடு கலைந்தால் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று பெண்களுக்கு முன்கூட்டியே காட்டியது யார்? ஒவ்வாமை கண்டு மூச்சடைத்தவருக்கு உடனே போடவேண்டிய ஊசி மருந்து டிஸ்பென்சரியில் இருக்கிறதா? 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். அது எந்தச் சந்திவரை வரும், அங்கிருந்து நோயாளியைத் தூக்கிச் செல்வது யார்? இவற்றை அவன் கேட்பான், கேட்டு எழுதுவான், எழுதியதைத் துரையின் மேசையில் வைப்பான்.

அன்பர்களே, இவ்விடத்தில் இளைஞர்களுக்கு ஒன்று கூறுவேன். மேற்சொன்ன கேள்விகளுக்கு விடை எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? நம் தாய்மார்களிடம் இருக்கிறது. எந்த மரத்திற் குளவி கட்டும், எந்தப் படிக்கட்டு மழையில் வழுக்கும், கவ்வாத்துக் கத்தி எப்போது கைதவறும், சுமையோடு இறங்கும்போது எந்த வளைவில் முழங்கால் விட்டுக்கொடுக்கும் என்பதை அவர்கள் நாற்பது வருடம் உடலாற் படித்திருக்கிறார்கள். பட்டணத்துப் பிள்ளை வகுப்பிற் கற்கவேண்டியதைத் தோட்டத்துப் பிள்ளை வீட்டிலேயே பாதி கற்றிருக்கிறான். லயத்திற் பிறந்ததைச் சிலர் மறைக்க விரும்புகிறார்கள். இந்த ஒரு தொழிலில் அது மறைக்கவேண்டிய குறையன்று, அதுவே முதல். இல்லாதது ஒன்றே ஒன்று: அந்த அறிவை எழுத்திலும் சட்டத்திலும் சேர்க்கும் பயிற்சி.

அந்தச் சேர்க்கை இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை நமது மாகாணமே கண்ணீரோடு கண்டது. தோட்டத்தில் வீடு வேறு, வேலைத்தலம் வேறு அல்ல. லயமும் தோட்டத்தின் மண்ணிலேயே நிற்கிறது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில், ஹல்துமுல்லைப் பிரதேசத்தில் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்ததனால் உயிர் தப்பிய பிள்ளைகள் பெற்றோரைத் தேடி நின்றார்கள். அவ்விடம் ஆபத்தானது, மக்கள் அங்கிருந்து அகலவேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. அறிவு இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது. அதை லயத்து வாசல்வரை கொண்டுவந்து, விளங்கும் மொழியிற் சொல்லி, மாற்று நிலம் கிடைக்கும்வரை வாரந்தோறும் கேட்டுக்கொண்டே நிற்பதைத் தன் உத்தியோகமாகக் கொண்ட ஒருவர் அங்கே இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். ஒருவர் இருந்தால் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. நிலமும் வீடும் கொடுக்கவேண்டியவர்கள் கொடுக்கவேண்டும். ஆனால் காகிதத்துக்கும் லயத்துக்கும் இடையே இருந்த தூரத்தில்தான் அந்த உயிர்கள் போயின. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் வந்தபோதும் பதுளை மாவட்டத்து மலைகள் பல இடங்களிற் சரிந்தன. அத்தூரம் இன்னும் அடைபடவில்லை.

சரி, இதைப் படித்தால் உத்தியோகம் உண்டா என்று பெற்றோர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பசித்த வயிற்றுக்கு இலட்சியம் மட்டும் சோறு போடாது. எனவே விவரமாகவே சொல்கிறேன்.

முதலாவது, சட்டம் இந்த உத்தியோகத்துக்கு இடம் வைத்திருக்கிறது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், இயந்திரங்களுக்குத் தடுப்பு வேலி அமைப்பது முதல் விபத்தை அறிவிப்பதுவரை தொழிற்சாலைக்காரரின் கடமைகளை விதித்திருக்கிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், காயமுற்றவருக்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் உரியதைச் சொல்கிறது. இவற்றிற் குறையும் உண்டு. தொழிற்சாலைச் சட்டம் ஸ்டோர் வாசலோடு நின்றுவிடுகிறது. கொழுந்து மலைக்கு ஏறுவதில்லை. விவசாயத் தொழிலாளரின் பாதுகாப்புக்கென்றே சர்வதேசத் தொழில் அமைப்பு 2001ஆம் ஆண்டில் 184ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. பாதுகாப்பான வேலைச் சூழல் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்று என 2022ஆம் ஆண்டில் அதே அமைப்பு பிரகடனஞ் செய்தது. உலகம் போகும் திசை இது. சட்டம் மலையேறும்போது, அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் மலையில் இருக்கவேண்டாமா?

இரண்டாவது, வியாபாரமும் இதைக் கேட்கிறது. வெளிநாட்டிற் தேயிலை வாங்குவோர் இன்று ரெயின்பொரஸ்ட் அலையன்ஸ், பெயார்டிரேட் போன்ற சான்றுகளைக் கேட்கிறார்கள். அச்சான்று பெற வேண்டுமானால், தொழிலாளருக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளித்த பதிவு, மருந்தடிப்போருக்குக் கவச உடை கொடுத்த பதிவு, விபத்துப் பதிவு எல்லாம் சோதனைக்கு வருவோரிடம் காட்டப்படவேண்டும். அவற்றை ஒழுங்காக வைக்க ஆள் வேண்டும். கட்டிட வேலைத்தலங்கள், ஆடைத் தொழிற்சாலைகள், வளைகுடா நாடுகளின் எண்ணெய்க் கம்பனிகள் எங்கும் பாதுகாப்பு உத்தியோகத்தர் என்றொரு பதவி இருக்கிறது. கொழும்பிற் சாரத்தில் ஏறிச் சீமெந்து சுமக்கும் நம் பிள்ளைகளுள் ஒருவன், சில ஆண்டுகளில் அந்தச் சாரம் உறுதியா என்று பரிசோதித்துக் கையெழுத்திடுபவனாக உயரலாம். அதைவிடப் பெரிய முன்னேற்றம் வேறென்ன?

படிகளைச் சொல்கிறேன். சாதாரண தரம் முடித்த பிள்ளை முதலில் முதலுதவி பயிலட்டும். செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன்ஸ் அம்புலன்ஸ் படையும் அதைக் கற்பிக்கின்றன. அடுத்து, 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தினால் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் பற்றிய தேசிய நிறுவகம் கொழும்பில் அமைக்கப்பட்டது. இத்துறையில் பயிற்சி அளிப்பதே அதன் கடமை; என்னென்ன வகுப்புகள், என்ன தகைமை என்று கடிதமெழுதிக் கேளுங்கள். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தோர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பதவியையும் நோக்கலாம். களுத்துறையிலுள்ள தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம் அதற்குப் பயிற்சி அளிக்கிறது. பொறியியற் பட்டம் பெறுவோருக்குத் தொழில் திணைக்களத்திலே தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர் பதவி உண்டு. தோட்ட நிர்வாகத்தில் உயர விரும்புவோருக்குத் தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் இருக்கிறது. நமது பதுளையிலேயே, 2005ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பம் ஒரு பட்டப்படிப்பாக இருக்கிறது. கடல் கடந்து செல்ல எண்ணுவோரிடம் பெரும்பாலும் கேட்கப்படுவது, பிரித்தானியாவில் 1979இல் தோன்றிய நெபோஷ் என்னும் பரீட்சைச் சபையின் சர்வதேசச் சான்றிதழ்.

இவ்விடத்தில் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, பெரிய எழுத்தில் விளம்பரம் செய்து சில நாளிற் சான்றிதழ் தருவோம் என்போரிடம் ஏமாறாதீர்கள். பணம் கட்டுமுன் அந்நிறுவனம் மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவிற் பதிவு பெற்றதா என்று விசாரியுங்கள். பெற்றோர் அடகு வைத்த நகை, சுவரில் மாட்டும் வெறுங் காகிதமாகிவிடக்கூடாது. மற்றது மொழி. சட்டமும் பரீட்சையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆபத்தோ தமிழிலும் சிங்களத்திலும் நடக்கிறது. மும்மொழியும் தெரிந்த பாதுகாப்பு உத்தியோகத்தர் கிடைப்பது அரிது. அரியவர்க்கே மதிப்பு. ஆகவே ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் பாரமென்று எண்ணாமற் கருவியென்று கற்றுக்கொள்ளுங்கள்.

பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கொழுந்தெடுப்போரிற் பெரும்பாலோர் பெண்கள். மேற்பார்ப்போரிற் பெரும்பாலோர் ஆண்கள். மலையில் மறைவிடம் இல்லாமையால் தண்ணீர் குடிக்காமலே பகலைக் கழிக்கும் பெண், அதைக் கங்காணியிடம் சொல்வாளா? கர்ப்பவதியின் முதுகில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று யாரிடம் கேட்பாள்? இவை யாவும் தொழிற் சுகாதாரத்தின் பாடங்களே. இவற்றைக் கேட்டறிய ஒரு பெண் உத்தியோகத்தரால் முடிவதுபோல் மற்றவரால் முடியாது. எனவே இது ஆண்பிள்ளைகளின் படிப்பு என்று பெற்றோர் ஒதுக்கிவிடவேண்டாம்.

பெரியோர்கள் மனத்தில் எழக்கூடிய சந்தேகத்தையும் நான் அறிவேன். கம்பனிச் சம்பளம் வாங்குகிறவன் தொழிலாளிக்காகப் பேசுவானா? எல்லோரும் பேசமாட்டார்கள் என்பது உண்மை. விபத்து நடந்தபின், 'அவன் கவனக்குறைவாக நடந்துகொண்டான்' என்று எழுதிக் கொடுக்கும்படி அவனை வற்புறுத்தும் நாள் வரும். அன்றுதான் அவன் கற்ற கல்விக்குப் பரீட்சை. இயந்திரத்துக்கு வேலி இருந்ததா, பயிற்சி கொடுக்கப்பட்டதா என்று உள்ளதை உள்ளபடி எழுதுகிறவன், ஒரு விதவைக்கு நியாயம் கிடைக்க வழி செய்கிறான். பொய் எழுதுகிறவன் பதவியில் உயரலாம். ஆனால் அடுத்த விபத்துக்கும் அவனே வழி திறந்து வைக்கிறான். இத்தொழிலில் திறமையும் நேர்மையும் இரண்டல்ல. படித்து முன்னேறுவது என்றால் மலையைவிட்டு இறங்கிப் போவது என்றே பலகாலம் பொருள் கொண்டோம். போகிறவர்கள் போகட்டும்; அவர்களை வாழ்த்துவோம். ஆனால் கற்றதோடு மலைக்குத் திரும்பி வருவதற்கும் வழி உள்ள படிப்புகளில் இது ஒன்று.

இறுதியாக மன்றத்துக்கு என் வேண்டுகோள். ஒரு கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு தோட்டத்து அங்கத்தினரும் தம் தோட்டத்தில் நடந்த விபத்தையும், நடக்கவிருந்து மயிரிழையில் தப்பிய விபத்தையும், திகதி, இடம், காரணம் என்று அதில் எழுதட்டும். தாய்மார்களைக் கேட்டு எழுதட்டும். மண்ணில் வெடிப்புக் கண்டால், சுவர் பிளந்தால், மரம் சாய்ந்தால், ஊற்று திடீரெனக் கலங்கினால் அதையும் எழுதிக் கிராம உத்தியோகத்தரிடம் அன்றே கொடுக்கட்டும். மாதம் ஒருமுறை கூடி வாசியுங்கள். வருடத்துக்கு ஓர் இளைஞனையும் ஒரு யுவதியையும் தெரிந்தெடுத்து, மன்றச் செலவில் இப்படிப்புக்கு அனுப்புங்கள். அடுத்த ஆண்டு மலரில், எத்தனைபேர் படிக்கப் போனார்கள் என்பதோடு, எத்தனை குளவிக் கூடுகள் முன்கூட்டியே கண்டுபிடிக்கப்பட்டன, எத்தனை வெடிப்புகள் காலத்தோடு அறிவிக்கப்பட்டன என்ற கணக்கும் வெளிவரட்டும்.